ஒரு முறம் தவிடு

கைக்குழந்தையைக் குளிப்பாட்டுறதுன்னா தண்ணியோட சூட்டை முழங்கையை விட்டுத்தான் பாக்கணும், தம்பி. உள்ளங்கையை நம்பக்கூடாது. ரப்பர்ப் பால்மரம் வெட்டி, மண்வெட்டி புடிச்சு, நம்ம ஆளுங்க உள்ளங்கையெல்லாம் தடிச்சுப் போயிருக்கும். கொதிக்கிற தண்ணியும் அதுக்கு வெதுவெதுப்பாத்தான் தெரியும். உன் பொஞ்சாதிக்கு அது தெரியல. மொத நாள் நான்தான் அவ கையைப் புடிச்சு முழங்கை வரைக்கும் சட்டியில முக்கிக் காட்டினேன். இதெல்லாம் பெத்த அம்மா சொல்லித் தர்ற விசயம். அவ அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு.

உக்காரு. அந்தப் பலகையில உக்காரு, இன்னொண்ணு கால் ஆடும். சோளத்தை வறுத்து இடிச்ச காப்பிதான், சீனி கெடையாது. சயாமுக்கு ரயில் ரோடு போடப் போன ஆளுங்கள்ல இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தவன் நீ ஒருத்தன்தான், பழனியாண்டி. மத்தவங்களைப் பத்திக் கேக்க மாட்டேன். அங்க என்ன நடந்துச்சுன்னு உன் காலைப் பாத்தாலே தெரியுது.

லயத்துல உன் வீட்டுல இப்ப இருக்கிறவங்க புது ஆளுங்க. இங்க இருந்த பொம்பள காய்ச்சல்ல போய்ச் சேந்துச்சாம், மத்ததை மருதாயாவைக் கேளுன்னு என்கிட்ட அனுப்பியிருக்காங்க. நீயும் நேரா வந்து, நவமணியை எங்கக்கா பொதைச்சீங்க, புள்ளையை எங்க பொதைச்சீங்கன்னு கேட்ட. குழி ஒண்ணுதான் தம்பி. நவமணிக்கு மட்டுந்தான். நீ உள்ள வரும்போது கொட்டகை ஓரமா ஒருத்தன் குந்திக்கிட்டு மண்ணைக் கிளறிக்கிட்டு இருந்தானே, தலையைத் தடவிட்டு வந்தியே, அவன்தான் நீ பெத்த புள்ள.

கூப்பிட்டுப் பாரு வேணும்னா. வரமாட்டான். யார் கூப்பிட்டாலும் வரமாட்டான், அது அவன் சுபாவம். பாத்தியா. சரி, வந்து உக்காரு. உன் ஒடம்பு ஆடுது. நான் எதையும் மறைக்கப் போறதில்ல. முழுசாக் கேட்டேன்னா நான் செஞ்சது ஞாயம்னு நீயே ஒத்துக்குவ.

நீங்க ரெண்டு பேரும் வந்தது, ஊர்லேர்ந்து கூலிக்கு ஆள் அனுப்பக்கூடாதுன்னு தடை போடப்போற நேரம். உங்களுக்குப் பின்னால உங்க சாதிசனம் ஒருத்தரும் வரல. நவமணி கையில ஒரு தகரப்பெட்டி. அதுல அவ அம்மா கட்டிக் குடுத்த வசம்பு, சுக்கு, பழம்புடவை கிழிச்ச துணி. புள்ள பொறந்தா வேணும்னு கட்டிக் குடுத்தது. அதை என் முன்னாடிதான் பிரிச்சா. எனக்கும் நாலு பொறந்துச்சுன்னு உனக்குத் தெரியும். நாலும் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அதுகளைப் பெத்த மனுசனும் போனாரு. அப்புறம் தொரை என்னைப் பால்வெட்டுலேர்ந்து எடுத்து இந்த ஆயாக் கொட்டகையில போட்டாரு. புள்ளை இல்லாதவ, லீவு கேக்க மாட்டான்னு நெனைச்சிருப்பாரு. நெனைச்சது சரிதான். ஊரார் புள்ளைங்களைத் தூளியில போட்டு ஆட்டி ஆட்டியே தலை நரைச்சுப் போச்சு. சாயங்காலம் ஆனா அம்மாக்காரிங்க ஒவ்வொருத்தியா வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க. வெறுந்தூளிங்க மட்டும் காத்துல ஆடிக்கிட்டு இருக்கும்.

உங்களுக்கு மொதப் புள்ளை பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போச்சு. ரெண்டாவது பொறக்கும்போதே அழல. ரெண்டையும் துணியில சுத்திக் குடுத்தது இந்தக் கைதான். மூணாவது வயித்துல தங்குறதுக்குள்ள ஜப்பான்காரன் வந்துட்டான். தொரை ஓடிட்டாரு, ஊருக்குக் கடுதாசி போறது நின்னு போச்சு, மரத்தை வெட்டுறதை விட்டுட்டு எல்லாரும் மரவள்ளி நட ஆரம்பிச்சோம். நவமணி வயித்தைப் புடிச்சிக்கிட்டு வந்து, அக்கா இதாவது தங்குமாக்கான்னு கேப்பா. தங்கும்மா, நான் இருக்கேன்லன்னு சொல்லுவேன். அப்ப மனசாரத்தான் சொன்னேன்.

பங்குனியில பொறந்தான். பொறந்ததும் கொட்டகையே அதிர்ற மாதிரி கத்தினான். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா எட்டிப் பாத்துட்டு, இவன் எமனையே வெரட்டிடுவான் போலருக்கேன்னு சிரிச்சா. ஆனா நவமணி சிரிக்கல. அவளுக்கு ஒரே நெனைப்புத்தான். அன்னைக்கே என்கிட்ட சொன்னா, அக்கா, இவனைத் தவிட்டுக்கு வித்துடணும்னு.

உனக்குத் தெரியாத வழக்கம் இல்ல. புள்ள தங்காத வீட்டுல, அடுத்ததைப் பெத்தவ கையாலயே இன்னொருத்திக்கு வித்துடுவாங்க. ஒரு முறம் தவிடுதான் வெலை. எமன் தேடி வந்தா, இது இவ புள்ள இல்லையே, தவிட்டுக்குப் போன புள்ளையாச்சேன்னு திரும்பிடுவானாம். வாங்கினவ அப்புறம் பெத்தவ கையில குடுத்து, என் புள்ளையை வளத்துக் குடும்மான்னு சொல்லணும். அந்தத் தவிட்டைப் பெத்தவ வீட்டுல தொடக்கூடாது. கோழிக்குப் போடுவாங்க, இல்லன்னா ஆத்துல விட்டுடுவாங்க. அப்பத்தான் அது விளையாட்டு. இதை மனசுல வச்சுக்க. பின்னால வரும்.

வாங்குற கை, புள்ள தங்கின கையா இருக்கணும். ஞாயமாப் பாத்தா பாப்பம்மாதான் வாங்கியிருக்கணும். அவளுக்கு ஆறு, ஆறும் குத்துக்கல்லாட்டம் இருந்துச்சு. ஆனா அவகிட்ட தவிடு ஏது. அந்த வருசம் யார்கிட்ட இருந்துச்சு. கோழிக்குப் போட்ட காலமெல்லாம் போயி, தவிட்டைச் சலிச்சு ரொட்டி தட்டித் தின்ன காலம் அது. தோட்டத்துல தவிடு இருந்தது என்கிட்ட மட்டுந்தான். கால் வீங்குற வியாதிக்கு நல்லதுன்னு, கொட்டகைப் புள்ளைங்க கஞ்சியில போடச் சொல்லி ஆசுபத்திரி டிரஸ்ஸர் குடுத்து வச்சிருந்தாரு. அதுலேர்ந்து நான் தெனமும் கொஞ்சம் எடுத்து வச்சேன். அந்த மாசம் கொட்டகையில ரெண்டு புள்ளை வீங்கிச் செத்துச்சு. அது தவிட்டால இருக்காது. சாவுற புள்ளைங்க எப்படியும் சாகும்.

முறம் நெறையத் தவிட்டைக் குமிச்சு எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். பாப்பம்மாவுக்குப் புடிக்கல. தங்காத கையாச்சேன்னு மொணங்கினா. என் காதுல விழட்டும்னுதான் மொணங்கினா. நவமணி அவ பக்கம் திரும்பவே இல்ல, தவிட்டையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. புள்ளையை என் மடியில போட்டா. நான் அவ மடியில தவிட்டைக் கொட்டினேன். இவன் பேர் இனிமே தவிட்டான்னு மூணு தரம் கூப்பிட்டேன். நீ பரஞ்சோதின்னு பேர் வைக்கணும்னு ஆசைப்பட்டதா அவ அப்புறம் சொன்னா. பரஞ்சோதியும் நல்ல பேர்தான். ஆனா நான் தவிட்டான்னு கூப்பிட்டப்ப அவன் கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான். அதுக்கப்புறம் அவளைப் பாத்து, என் புள்ளையை வளத்துக் குடும்மான்னு சொன்னேன். என் புள்ளன்னு வாயால சொல்லி எத்தனை காலம் ஆச்சு எனக்கு.

மறுநாள் காலையில புள்ளையைக் குளிப்பாட்ட வந்தேன். உள்ள வரும்போதே வாடை. அடுப்புல தவிடு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. நவமணி என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சிக்கிட்டா. பசிக்குதுக்கா, பால் ஊற மாட்டேங்குதுன்னா. நீ மூலையில உக்காந்து கிண்ணத்தை வழிச்சிக்கிட்டு இருந்த. உன் உதட்டு ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. தண்ணியை முழங்கையால பாத்துட்டு, புள்ளையைக் காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டினேன். ஆனா அந்த நேரத்துல எனக்கு ஒண்ணு தெளிவாத் தெரிஞ்சு போச்சு. கோழிக்குப் போட்டிருந்தா விளையாட்டு. நீங்க தின்னுட்டீங்க. வெலையைத் தின்னாச்சுன்னா வித்தாச்சு. இதுல மறுபேச்சு என்ன இருக்கு, நீயே சொல்லு.

நான் அப்ப அதை உங்ககிட்ட சொல்லல. சண்டை போடுற ஆள் இல்ல நான். பொழுது விடிஞ்சா நவமணி அவனைக் கொண்டாந்து விடுவா, நான் பாத்துக்குவேன். எண்ணெய் தேய்ச்சு, மூக்கை நீவி, சாம்பிராணிப் பொகை காட்டி, கையில வசம்பு கட்டி விடுவேன். கழுத்து நின்னது என் தோள்லதான். குப்புற விழுந்தது இந்தப் பாயிலதான். மொத சிரிப்பு யாருக்குச் சிரிச்சான்னு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டீங்களே. எனக்குத்தான் சிரிச்சான். உங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்.

ஒரு கஷ்டம் மட்டும் இருந்துச்சு. பால் மணி. வாசல்ல ஒரு தண்டவாளத் துண்டு தொங்குமே, வெயில் ஏறினதும் நான் அதைத் தட்டுவேன். பால் குடுக்கிற பொம்பளைங்க எங்க இருந்தாலும் மண்வெட்டியைப் போட்டுட்டு ஓடி வருவாங்க. தவிட்டான் ரெண்டு மாசத்துலயே அந்தச் சத்தத்தைக் கண்டுக்கிட்டான். டங்குன்னு ஒரு தட்டு விழுந்தா போதும், என் மடியில கெடந்தவன் தலையை வாசப் பக்கம் திருப்பிடுவான். நான் பாடினாலும் திரும்ப மாட்டான், கிலுகிலுப்பை ஆட்டினாலும் திரும்ப மாட்டான். நவமணி நிழல் வாசல்ல விழுற வரைக்கும் அப்படியே இருப்பான். எனக்குப் பொறாமையா இருந்துச்சு. இருந்துச்சுன்னு சொல்றதுல என்ன வெக்கம்.

ஆனி மாசம் ஒரு நாள் அவ புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே சந்தோசமாச் சொன்னா. அக்கா, ஜித்ரா பக்கம் நெல்லு வயல்ல வேலை கெடைக்குதாம், இவரு விசாரிச்சுட்டு வந்துட்டாரு, நடவுக்குப் போனா நெல்லாவே கூலி குடுப்பாங்களாம், புள்ளையைத் தூக்கிக்கிட்டு அங்கேயே போயிடலாம்னு இருக்கோம்க்கான்னு. எப்பம்மான்னு கேட்டேன். ஆடி பொறக்கட்டும்னு சொன்னா. நல்லதுதாம்மான்னு சொல்லிட்டுத் தூளியைச் சரி பண்ணினேன். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல பாரு. வித்த சாமானைத் தூக்கிக்கிட்டுப் போறவங்களை என்னன்னு சொல்றது.

அந்த வாரந்தான் சயாமுக்கு ஆள் புடிக்க லாரி வந்துச்சு. நீங்க ஆம்பளைங்கல்லாம் பெலுக்கார் பொதர்க்காட்டுல போய் ஒளிஞ்சிக்கிட்டீங்க. ராமையா கங்காணிக்கு ஜப்பான்காரன் கெடு வச்சிருந்தான். ஆள் சேரலன்னா அவர் மகன் லாரியில ஏறணும். கங்காணி என்கிட்ட வந்து எதுவும் கேக்கல. அவர் மேல பழி போடாத. நான்தான் போய்ச் சொன்னேன். அண்ணே, லாரியைக் கொட்டகைக்குப் பின்னால நிறுத்தச் சொல்லுங்க, ஒருத்தன் தானா வருவான்னு. அவரு என்னையே பாத்தாரு. அப்புறம் போய் லாரிக்காரன்கிட்ட பேசினாரு.

பாப்பம்மாவைக் கூப்பிட்டேன். தவிட்டானுக்கு இழுப்பு வந்துடுச்சு, கண்ணு மேல போயிடுச்சு, பழனியாண்டி எங்க இருந்தாலும் ஓடி வரச் சொல்லுன்னேன். அவ எனக்கு ஆகாதவதான், ஆனா புள்ளைங்கன்னா உருகிடுவா. மாரடிச்சிக்கிட்டே பெலுக்கார் ஓரமா ஓடினா. அவ கத்தின கத்துல மரத்துல இருந்த கொரங்கெல்லாம் அடங்கிப் போச்சு. நீ முள்ளுல கிழிபட்டு வேட்டியில்லாமத்தான் வந்த, நெனைவிருக்கா. கொட்டகை வாசலைத் தொடுறதுக்குள்ள புடிச்சிட்டாங்க. உள்ள அவன் தூங்கிக்கிட்டு இருந்தான். நல்லாத்தான் இருந்தான். வேர்த்திருந்துச்சு, விசிறிக்கிட்டு இருந்தேன்.

லாரியில ஏத்தும்போது நீ திமிறின. நாலு பேர் புடிச்சும் அடங்கல. என்னைப் பாத்து, அக்கா, புள்ளை எப்படி இருக்கு, புள்ளை இருக்கான்னு கேட்ட. நான் பொய் சொல்லல தம்பி. இத்தனை வருசத்துல உன்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டேன், அவ்வளவுதான். நீயா என்னமோ நெனைச்சிக்கிட்ட. அதுக்கப்புறம் நீ திமிறவே இல்ல. கையைத் தொங்கப் போட்டுட்டு ஏறிட்ட. லாரி சுங்கைப் பட்டாணி டவுன் ரோட்டுல திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னேன். பாவமாத்தான் இருந்துச்சு.

நவமணி அப்ப தூரத்துல மரவள்ளிக் காட்டுல இருந்தா. அவ ஓடி வந்து சேந்தப்ப லாரி போயாச்சு. புள்ளைக்கு இழுப்பு வந்துச்சும்மா, நான் சூடு வச்சு மருந்து குடுத்துக் காப்பாத்திட்டேன்னு சொன்னேன். அவ என் காலைப் புடிச்சிக்கிட்டு அழுதா. புருசனும் போயிட்டான், நீங்க இல்லன்னா இவனும் போயிருப்பான்க்கான்னு அழுதா. பாப்பம்மா அங்கதான் நின்னா. புள்ளையைப் பாத்தா, என் மூஞ்சியைப் பாத்தா. சூடு வச்ச எடம் எங்கன்னு கேட்டா. நான் புள்ளையைத் துணியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டேன். அதோட அவ என்கூடப் பேசறதை விட்டுட்டா. கொஞ்ச நாள்ல புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு திகாம் பத்துங்கிற ஊர்ப் பக்கம் போயிட்டா.

நவமணி ஜித்ராவுக்குப் போறேன்னு மறுபடி பேசல. ஆனா புரட்டாசியில குளிர் காய்ச்சல் வந்துச்சு. தோட்டத்துல பாதிப் பேருக்கு அப்ப அதுதான். டிரஸ்ஸர்கிட்ட கொய்னா மாத்திரை தீந்து போற நேரம். கைக்குழந்தைக்காரியாச்சேன்னு அவளுக்குன்னு ஒதுக்கி, என் கையிலதான் குடுத்தனுப்பினாரு. நான் கொண்டாந்து வசம்பு டப்பாவுல வச்சேன். நல்லா யோசிச்சுப் பாத்தேன் தம்பி. அவ பெரியவ, ஒடம்பு தாங்கும். நாளைக்குப் புள்ளைக்கு அதே காய்ச்சல் வந்தா அப்ப மாத்திரைக்கு எங்க போறது. அம்மாக்காரியா இருந்தா புள்ளைக்குத்தானே எடுத்து வைப்பா. நானும் அதைத்தான் செஞ்சேன். அவளுக்கு வேப்பங்கொழுந்து காய்ச்சிக் குடுத்தேன்.

காய்ச்சக்காரி பால் புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லி அவனை என்கிட்டயே வச்சிக்கிட்டேன். ஆட்டுப்பால் கெடைச்சுது, கஞ்சித்தண்ணி குடுத்தேன். தேறினான். பால் மணியை மட்டும் நான் நிறுத்த முடியாது, மத்தப் பொம்பளைங்க வரணுமே. அதைத் தட்டினா நவமணியும் வந்துடுவா. லயத்துலேர்ந்து மரத்தை மரத்தைப் புடிச்சிக்கிட்டு வருவா. நான் வாசல்ல மூங்கில் தட்டியைச் சாத்தி வச்சிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, அக்கா, ஒரே ஒரு தடவை காட்டுங்கக்கான்னு கேப்பா. காய்ச்சல் எறங்கட்டும்மா, அவன் நல்லா இருக்கான்னு சொல்லுவேன். ரவிக்கை முன்பக்கம் பூராவும் நனைஞ்சு, கீழ சொட்டிக்கிட்டு இருக்கும். புள்ளைக்கு இல்லாத பால் எதுக்குத்தான் அப்படி ஊறுமோ. உள்ள இவன் தலையைத் திருப்பிக்கிட்டுக் கெடப்பான். அழ மாட்டான். தட்டியைப் பாத்துக்கிட்டே இருப்பான்.

கடைசியா வந்த அன்னைக்கு மழை. அவ தவழ்ந்துதான் வந்தா. கையில ஒரு தேங்காச் செரட்டை. அக்கா, நான் அவனைத் திருப்பி வாங்கிக்கிறேன்க்கா, நான் தின்னது தப்புக்கான்னா. அவளுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு பாரு, நான் ஒருத்தி மட்டும் நெனைச்சுக்கிட்டது இல்ல. செரட்டையில என்னம்மான்னு கேட்டேன். மரவள்ளிக் கெழங்கு. வேக வச்சு மசிச்சு வச்சிருந்தா. அது அவளுக்கு அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடா இருந்திருக்கும். தவிடு கெடைக்கலக்கா, இதை வாங்கிக்கிட்டுக் குடுங்கக்கான்னா. நான் நெதானமாத்தான் சொன்னேன். தவிட்டுக்கு வாங்கினதைத் தவிடு குடுத்துத்தாம்மா மீட்கணும், வழக்கத்தை நாம மாத்தக்கூடாது, மாத்தினா புள்ளைக்குத்தான் ஆகாதுன்னு. அவ செரட்டையைக் கீழ வச்சா. அப்புறம், சரிக்கான்னா. அதான் அவ கடைசியாப் பேசினது.

நான் உள்ள போய்ப் புள்ளையை மடியில போட்டுக்கிட்டேன். தட்டிக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குற சத்தம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. மாத்திரை என் கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. நவமணி சாகப் போறான்னு எனக்குத் தெரியும். தெரியாமச் செஞ்சேன்னு சொன்னா அது பொய்யாப் போயிடும். மழை விட்டப்ப அந்தச் சத்தமும் நின்னு போச்சு. செரட்டையில மழைத்தண்ணி நெறைஞ்சிருந்துச்சு. என் புள்ளைங்க நாலும் இருக்கிற எடத்துலயே அவளையும் வச்சேன். அவ அம்மா குடுத்த பழம்புடவைத் துணியைத்தான் மூஞ்சியில போட்டேன். ஒரு கொறையும் வைக்கல. இந்த வாசல்லேர்ந்து பாத்தாலே தெரியும், அந்தப் பலா மரத்துக்குக் கீழ.

அப்பவே நம்ம தோட்டம் இருக்கிற கெடாச் சீமையைச் சயாம்காரன் கையில குடுத்துட்டாங்கன்னு பேச்சு வந்துச்சு. சயாமே இங்க வந்துடுச்சு, போன நம்ம ஆளுங்க வரலையேன்னு லயத்துல பொம்பளைங்க அழுவாங்க. நான் அழல. நீ வந்துடக்கூடாதேன்னு மாரியாத்தாளை வேண்டிக்கிட்டேன். இப்ப நீ வந்து உக்காந்திருக்க. சரி, அவ இஷ்டம்.

ஒரு விசயம் மட்டும் எனக்கு வெளங்கல, உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். தண்டவாளத் துண்டை ஜப்பான்காரன் இரும்பு வேணும்னு கழட்டிக்கிட்டுப் போயிட்டான். கொட்டகையில இப்ப வேற புள்ளைங்களும் கெடையாது. பால் மணி நின்னு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ஆனா வெயில் ஏறினதும் வாசப்படியில நவமணி நின்ன அந்த எடம் நனைஞ்சு போகுது. மெழுகிப் பாத்தேன், மண்ணை வெட்டி எடுத்துட்டுப் புது மண் போட்டுப் பாத்தேன். காயவே மாட்டேங்குது. மாசி வெயில்ல ஊரே வெடிச்சுக் கெடக்கு, அது மட்டும் ஈரம். கூரை ஒழுகுதுன்னுதான் நெனைக்கிறேன். ஒரு புளிச்ச வாடையும் வருது. கித்தா, அந்த ரப்பர்ப் பால் வாடைதான், வேற என்ன. இந்தப் பக்கம் யாரும் மரம் வெட்டல, இருந்தாலும் பழைய வாடை போகுமா.

பய நல்லா இருக்கான். அடம் கெடையாது. பேச்சு இன்னும் வரல. ஒவ்வொண்ணு லேட்டாத்தான் பேசும். தவிட்டான்னு கூப்பிட்டாத் திரும்ப மாட்டான், சரி, பரஞ்சோதின்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தேன், அதுக்கும் திரும்பல. காது கேக்குது, அதைப் பாத்துட்டேன். என் கையால ஊட்டினா வாயைத் தொறக்க மாட்டான், கீழ வச்சுட்டு நான் அந்தப் பக்கம் போயிட்டா எடுத்துத் தின்னுக்குவான். வெக்கப்படுறான்.

உனக்குக் குளிர் எடுக்குதே. பல்லு அடிச்சிக்குது. அங்கேர்ந்து காய்ச்சலைக் கொண்டாந்திருக்க. அந்தக் கோணியை எடுத்துப் போத்திக்க. மாத்திரை டப்பாவுல அப்படியே இருக்கு, ஒண்ணுகூட எடுக்கல. ஆனா அது புள்ளைக்குன்னு வச்சது தம்பி, கேக்காத. நாளைக்கு அவனுக்கு ஒண்ணு வந்துட்டா நான் எங்க போவேன்.

ஏன் எந்திரிக்கிற. அவனைத் தூக்கிக்கிட்டுப் போகப் போறியா. நவமணிக்குச் சொன்னதைத்தான் உனக்கும் சொல்றேன், ஆளுக்கு ஒரு ஞாயம் வச்சுப் பேசுறவ நான் இல்ல. ஒரு முறம் தவிடு கொண்டாந்து என் மடியில கொட்டு, கூட்டிக்கிட்டுப் போ. சுங்கைப் பட்டாணியில மில்லு ஓட ஆரம்பிச்சிடுச்சாம், தவிடு கெடைக்கும். ஆனா கேட்டுப் பாரு அவனை, வருவானான்னு. என்னை விட்டுட்டு இருக்க மாட்டான் அவன்.

நம்பலன்னா இதோ பாரு. வெயில் ஏறிடுச்சு, மண்ணு வெளையாட்டை விட்டுட்டு எந்திரிச்சு வர்றான் பாரு. நேரா வந்து வாசப்படி ஈரத்துல நிக்கிறான். தெனமும் இந்த நேரத்துக்கு இப்படித்தான், எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்தப் பலா மரத்தையே பாத்துக்கிட்டு நிப்பான். நான் அவனுக்குப் பின்னால உள்ள உக்காந்திருக்கேன்ல, அவனுக்குத் தெரியல. என்னைத்தான் தேடுறான்.